இருநூற்றைம்பத்தாறு ஜீபி

துணுக்காய்
03.02.2025

அன்புள்ள தம்பி சுஜிதனுக்கு,

நானும் அத்தானும் ஒருமாதிரி இருக்கிறோம். மழை விட்டு வெயில் தொடங்கிவிட்டது, அத்தானின் முழங்கால் வலி மட்டும் விடுகிறதாக இல்லை. அந்தக் குளிருக்குள் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

போன் இருக்க இவள் ஏன் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் நீ வைத்துவிடுவாய். அம்மாவின் செத்தவீட்டில் வாய்க்கரிசி போடுகிற நேரம் வீடியோ கோலில் அம்மாவின் முகத்தைக் காட்டினேன். "அக்கா, அதை எடுங்கோ!" என்று கத்திவிட்டு வைத்தாய். இரண்டரை வருடமாகிறது. அதற்குப் பிறகு எங்களுக்குள் நடப்பது வருடத்துக்கு ஒருக்கால் வட்ஸ்அப்பில் "திவசத்துக்கு ஐயருக்குச் சொல்லியாச்சோ", "ஓம், சொல்லியாச்சு" என்ற கதைதான். கடிதத்தைப் பாதியில் வைக்கேலாது பார்.

விஷயம் இதுதான். மல்லாவியில் என் வீடியோக் கடை அந்த ஒரு லப்டொப்பில்தான் ஓடுகிறது. அதைத் திறக்கப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையும் கழுவிவிட்டு வந்தால் அப்போதுதான் முகம் காட்டும். ஒரு கலியாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தை வெட்டப் போனால் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிடும். கிளிநொச்சியில் கணினி திருத்துகிற நடராசா அண்ணை, "பிள்ளை, மெசினில பிழையில்லை. ஹாட் டிஸ்கைக் கழட்டிப்போட்டு எஸ்.எஸ்.டி ஒண்டு போடு" என்கிறார். கடைக்காரரைக் கேட்டால் பத்துவிதம் காட்டுகிறார்கள். நீ இதைப் படித்தவன். எது நல்லது, எவ்வளவு பெரியது வேண்டும் என்று எழுது.

அம்மாவின் வீடியோவும் இந்த டிஸ்குக்குள்தான் கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று பென்டிரைவில் போட்டு அனுப்பவா என்று கேட்டேன், நீ பதில் போடவில்லை. சரி, அதை விடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுரேகா


பாரிஸ்
11.02.2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டேன். அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கோ. எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிர் பழகிவிட்டது.

நடராசா அண்ணை சொன்னது முழுக்கச் சரி. பழைய டிஸ்குக்குள் ஒரு தட்டுச் சுற்றும், ஒரு ஊசி ஓடி ஓடித் தேடும். எஸ்.எஸ்.டிக்குள் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை, கேட்டவுடன் எடுத்துத் தரும். அதிலும் இரண்டு வடிவம். ஒன்று எங்கள் பழைய டிஸ்க் மாதிரியே சதுரமாக இருக்கும். மற்றது எம்.டொட்.டூ, சூயிங்கம் துண்டு போல மெல்லியது, சதுரமானதைவிட ஐந்தாறு மடங்கு வேகம். ஆனால் அதற்கு லப்டொப்பில் தனி வாய் இருக்கவேண்டும். அடிமூடியைக் கழற்றிப் பார்த்து எழுதுங்கோ. எத்தனை வருட உத்தரவாதம், ஆயுளில் எவ்வளவு எழுதலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அதையும் பார்க்கவேண்டும். பெயர் தெரியாத மலிவுச் சாமானைத் தொடவேண்டாம். அது முதல் கிழமை பறக்கும், பிறகு பழையதைவிட மோசம். பழைய டிஸ்கைச் சோதிக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது, அதையும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. டிஸ்க் நல்லதாக இருந்தால் எறியத் தேவையில்லை.

இதைப்பற்றி எழுத எனக்கு நல்ல சந்தோஷம் அக்கா. இங்கே கோப்பை கழுவுகிற வேலையில் ஒருவரும் என்னிடம் இதெல்லாம் கேட்பதில்லை.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.
தம்பி சுஜி


துணுக்காய்
16.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நல்லெண்ணெய் வைத்தியம் நடக்கிறது, அத்தான் பக்கத்தில் வந்தால் செக்கு மணக்கிறது.

மூடியைக் கழற்றினோம். நீ சொன்ன சூயிங்கம் வாய் எங்கள் மெசினில் இல்லை. சதுரமானதுதான் போகுமாம். பழைய டிஸ்கில் பழுதில்லை, கிழடு தட்டிவிட்டது, அவ்வளவுதான் என்றார் நடராசா அண்ணை. அது ஐந்நூறு ஜீபி, விளிம்புவரை நிரம்பிக் கிடக்கிறது. அதனால் புதியதும் ஐந்நூறுக்குக் குறையாமல் வேண்டும்.

ஏன் இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய் என்று கேட்பாய். என் பிழைப்பே வெளிநாட்டுக்காரருக்குச் செத்தவீடு எடுத்து அனுப்புவதுதானே. கலியாணத்துக்குப் பறந்து வருகிறார்கள், செத்தவீட்டுக்கு விசா இல்லை, லீவு இல்லை. வீட்டில் நடக்கும் கிரியையிலிருந்து வாசல் படலைவரைக்கும் நான் எடுப்பேன். சுடலைக்குப் பொம்பிளைகள் போவதில்லையே, அங்கே வேறொரு கமெராக்காரரை அனுப்புவேன். அன்றைக்குப் பார்க்க மனம் வராதவர்கள் மூன்று, நான்கு வருடம் கழித்து வருவார்கள். போன கிழமை கனடாவிலிருந்து ஒருவர், "தங்கச்சி, ஐயாவின்ர வீடியோ இன்னும் கிடக்கோ? அப்ப பாக்கேலாமப் போச்சு" என்று அழுதார். இருந்தது, கொடுத்தேன். அதற்காகத்தான் நான் ஒன்றையும் எறிவதில்லை.

உன் கடிதத்தில் வேகம் வேகம் என்று ஒரு பக்கம் இருந்தது. நான் எழுதிய கடைசிப் பந்திக்கு மட்டும் பதிலைக் காணவில்லை. பரவாயில்லை.

அக்கா


பாரிஸ்
02.03.2025

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதில் பிந்திவிட்டது, வேலை கூட.

சதுரமான எஸ்.எஸ்.டி ஒன்றை வாங்கிவிட்டேன். நல்ல சாமான், ஐந்து வருட உத்தரவாதம். என்னோடு வேலைசெய்கிறவர் இருபதாம் திகதி கிளிநொச்சிக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டேன். இருநூற்றைம்பத்தாறு ஜீபிதான். யோசித்துப் பார்த்தால் அது தாராளம். விண்டோஸும் எடிற் செய்கிற மென்பொருளும் கையிலிருக்கிற ஒரு வேலையும் அதில் இருந்தால் போதும். பழைய டிஸ்கை ஒரு யூ.எஸ்.பி உறைக்குள் போட்டு வெளியில் வைத்துப் பாவியுங்கோ. வைகாசிக் கலியாணங்களை எடுத்து அதில் ஏற்றலாம்.

அதற்கு முதல் அதிலுள்ள பழைய குப்பையைக் கழிக்கவேண்டும். போல்டர்களின் பட்டியலை அனுப்புங்கோ. எதை வைக்கிறது, எதை எறிகிறது என்று நான் அடையாளம் போட்டுத் தருகிறேன். உங்களுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும்.

அன்புடன்
சுஜி


துணுக்காய்
23.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

சாமான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் நல்ல மனுசன், நீ மெலிந்துவிட்டாய் என்றும் சொன்னார். ஏன் அதை எனக்கு எழுதவில்லை?

ஐந்நூறு கேட்டேன், பாதி அனுப்பியிருக்கிறாய். குறை சொல்லவில்லை. எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவைத்தானே வைத்திருக்கலாம்.

பட்டியலை இதன் கீழே அனுப்புகிறேன். மொத்தம் முப்பத்தொரு வரி. கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகள் வயதுக்கு வருகிற சாமத்தியவீட்டுக்கும் ஆட்களின் பெயர் இருக்கும். செத்தவீட்டுக்கு நான் பெயர் எழுதுவதில்லை. போனவர்களின் பெயர் காலையில் கடை திறந்தவுடன் வரிசையாக முகத்தில் அடித்தால் ஒருமாதிரி. அதனால் திகதியும் ஊரும்தான். எடுத்த கமெரா எத்தனை, எதுவரைக்கும் என்றும் போட்டிருக்கிறேன். ஒரு வரி இப்படி இருக்கும்: "14. 2022.06.02 ஒட்டுசுட்டான், இரண்டு கமெரா, படலை வரை." இன்னொன்று இப்படி: "16. 2022.08.18 துணுக்காய், ஒரு கமெரா, சுடலை வரை."

ஒவ்வொரு வரியாகப் பார். அவசரப்படாதே, எனக்கு நேரம் இருக்கிறது. ஆறுதலாகப் பார்த்துச் சொல். நீ என்ன சொல்கிறாயோ அதன்படியே செய்வேன்.

சாப்பிடாமல் கிடக்காதே.
அக்கா


பாரிஸ்
24.03.2025

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நான் மெலியவில்லை, அவர் சும்மா சொல்லுவார்.

பட்டியல் பார்த்தேன். சுலபம். 2024க்குப் பிறகு எடுத்த எல்லாவற்றையும் வையுங்கோ. அதற்கு முந்தியதில் கலியாணமும் சாமத்தியமும் இருக்கட்டும், பிள்ளைகள் வளர்ந்து கேட்பார்கள். செத்தவீடு ஐந்தாம் இலக்கத்திலிருந்து இருபத்தொன்று வரை எல்லாவற்றையும் எறியுங்கோ. செத்தவீட்டை இரண்டாந்தரம் ஆர் பார்க்கப்போகிறான்? நூற்றெண்பது ஜீபி மிச்சம் வரும்.

புதியது போட்டவுடன் எத்தனை செக்கனில் திறக்கிறது என்று எண்ணி எழுதுங்கோ. ஆவலாக இருக்கிறது.

சுஜி


துணுக்காய்
19.04.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போய்வந்தோம்.

நடராசா அண்ணை வந்து புதியதைப் போட்டுத் தந்தார். ஐந்திலிருந்து இருபத்தொன்று வரை நீ சொன்னபடியே செய்தாயிற்று.

அக்கா


பாரிஸ்
29.07.2025

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும் என்று எப்போதும் நினைப்பேன். ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் எழுதவில்லை. நான் இரண்டுதரம் தொடங்கி அழித்துவிட்டேன். எத்தனை செக்கன் என்றும் நீங்கள் சொல்லவில்லை.

அக்கா, எனக்கு இங்கே தங்குகிற விசா கிடைத்துவிட்டது. போன செவ்வாய் கார்டைக் கையில் தந்தார்கள். ஒன்பது வருடம் காத்திருந்தேன். கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து றோட்டோரம் இருந்து அழுதேன். இனி வரலாம், போகலாம். செப்டெம்பர் முதற்கிழமைக்கு டிக்கெட் பார்க்கிறேன். இந்த வருடம் அம்மாவின் திதி, ஆவணித் தேய்பிறைச் சஷ்டி, செப்டெம்பர் பன்னிரண்டில் வருகிறது. கலண்டரில் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தமுறை திவசத்துக்கு நான் இருப்பேன். எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்து, இவ்வளவு காலமும் திவசத்துக்கும் இருந்தவர் பெரியப்பாவின் மகன் வீரபாகு அண்ணை. அவருக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு நான் போனை வைத்தது அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் இல்லை. எனக்கு அன்றைக்கு லீவு தரவில்லை. கை முழுக்கச் சவர்க்கார நுரை, போனைக் குழாய்க்கு மேலே சாத்தி வைத்திருந்தேன். நீங்கள் அம்மாவைக் காட்டியபோது முதலாளி வந்து பின்னால் நின்று, "இது என்ன படம்?" என்று கேட்டான். அந்த இடத்தில், அந்த எச்சில் கோப்பைகளுக்கு நடுவில், அவனுடைய கண்ணுக்கு முன்னால் அம்மாவை வைத்திருக்க எனக்கு ஏலவில்லை. அதுதான் கத்தினேன். அதை உங்களிடம் சொல்ல வெட்கம். சொல்லாததால் வீடியோவைக் கேட்கவும் வெட்கம். அப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

இப்போது கேட்கிறேன். வருவதற்கு முதல் நான் அதைப் பார்க்கவேண்டும். வாய்க்கரிசியிலிருந்து கொள்ளி வரைக்கும், ஒன்றையும் வெட்டாமல் அனுப்புங்கோ. இங்கே எனக்கு இப்போது தனி அறை இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு இருந்து பார்ப்பேன்.

உங்கள் தம்பி
சுஜி


துணுக்காய்
05.08.2025

தம்பிக்கு,

விசா கிடைத்தது கேட்டு அத்தானுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வருமோ தெரியாது.

மார்ச் இருபத்துமூன்றில் நான் அனுப்பிய பட்டியலை எடுத்துப் பார். பதினாறாவது வரி. 2022 ஓகஸ்ட் பதினெட்டு, துணுக்காய், ஒரு கமெரா, சுடலை வரை. கடிதத்துக்குள்ளும் அந்த வரியை எடுத்து எழுதினேன். அது ஆருடைய செத்தவீடு, தம்பி?

மூன்று கிழமை எடுத்துப் பார்ப்பாய் என்று நினைத்தேன். அடுத்தநாளே பதில் வந்தது. ஐந்திலிருந்து இருபத்தொன்றுவரை எறியுங்கோ, இரண்டாந்தரம் ஆர் பார்க்கப்போகிறான் என்று.

அம்மா என்று ஒரு சொல் நான் அதில் எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எழுதவில்லை. நீ கண்டுபிடிக்கிறாயா என்று பார்த்தேன். கண்டுபிடித்து, "அக்கா, அதை மட்டும் வையுங்கோ" என்று ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. நடராசா அண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்து பதினாறில் நின்றார். அவர் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவர், திகதி தெரியும். "பிள்ளை, இது கொம்மான்ரயெல்லோ?" என்றார். "தம்பி எறியச் சொல்லிப்போட்டான். எறியுங்கோ" என்றேன். மனுசன் இரண்டாந்தரமும் கேட்டார். இரண்டாந்தரமும் அதையேதான் சொன்னேன்.

வேறு பிரதி இல்லை. உனக்கென்று போட்டு வைத்திருந்த பென்டிரைவை, ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு வேலைக்கு எடுத்துவிட்டேன்.

அக்கா


பாரிஸ்
05.08.2025

அக்கா,

உடனே எழுதுகிறேன். அந்தப் பழைய டிஸ்கில் இனி ஒன்றையும் ஏற்றாதேங்கோ. இப்போதே கழற்றி வையுங்கோ. அழித்தாலும் அதற்கு மேலே வேறொன்று எழுதப்படும்வரைக்கும் உள்ளேதான் கிடக்கும், பெயர் மட்டும்தான் போகும். மீட்கிற மென்பொருள் இருக்கிறது, நடராசா அண்ணைக்கு அனுப்பியிருக்கிறேன். நான் டிஸ்கை இங்கே கொண்டுவந்து கொடுத்தாவது எடுப்பிப்பேன்.

திகதி எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது திதி. ஒரு வருடம் செப்டெம்பர், மற்ற வருடம் ஓகஸ்ட், ஒவ்வொரு வருடமும் கலண்டரில் சஷ்டியைத் தேடி அன்றைக்கு நான் மரக்கறிதான் சாப்பிடுவேன். ஓகஸ்ட் பதினெட்டு என்று என் மனதில் ஒருநாளும் இருந்ததில்லை. அம்மாவினது தனியாக, அம்மா என்ற பெயரில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். வேலை இடைவேளையில், பத்து நிமிடத்தில் பார்த்தேன். அது என் பிழை. ஆனால் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம். அம்மாவை வைத்து என்னைச் சோதித்திருக்கக்கூடாது.

டிஸ்கைத் தொடாதேங்கோ.
சுஜி


துணுக்காய்
16.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் வர முதலே வைகாசியில் மூன்று கலியாணம், ஆனியில் இரண்டு சாமத்தியவீடு, வற்றாப்பளைக் கோயில் பொங்கல் எல்லாம் அந்த டிஸ்கில் ஏற்றியாயிற்று. ஏற்றலாம் என்று எழுதியவன் நீதான். ஆனாலும் நீ அனுப்பிய மென்பொருளைப் போட்டு நடராசா அண்ணை இரண்டு நாள் ஓடவிட்டார். நானும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் "2022.08.18 துணுக்காய்" என்று பெயர் வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்தான் மிச்சம்.

திதியைப்பற்றி நீ சொன்னது உண்மையாக இருக்கும். நம்புகிறேன். சோதித்தது என் பிழை, அதை எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்கேலாது. உன்னைத் தண்டிக்கவென்று செய்தேன். ஆனால் அந்த வீடியோ உன்னைவிட எனக்குத்தான் தேவை. ஏன் என்று இப்போது சொல்லுகிறேன்.

அது பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலம். சுடலைக்குப் போகவேண்டிய கமெராக்காரருக்குச் சைக்கிளில் வந்துசேர ஏலவில்லை. நீ பார்க்கவேண்டுமே என்று நான் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகளுக்குப் பின்னால் நடந்தேன். மகள் வரக்கூடாது என்று மறித்திருப்பார்கள். கமெரா பிடிக்கிறவள் என்றபடியால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீரபாகு அண்ணை குடத்தோடு மூன்றுதரம் சுற்றினார். கொள்ளியைக் கையில் கொடுத்ததும் நின்றுவிட்டார். "என்ர அம்மா வீட்டில உசிரோட இருக்கிறா. என்னால ஏலாது" என்றார். மற்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெருப்பு அவருடைய கைக்குக் கிட்ட வந்துவிட்டது. நான் கமெராவை அவரிடம் கொடுத்தேன், கொள்ளியை வாங்கினேன், அம்மாவுக்கு வைத்தேன். தலைமாட்டில், திரும்பிப் பார்க்காமல், மகன் வைக்கிறதுபோல. அவர் கமெராவைப் பிடித்தபடி அழுதார், அதனால் படம் ஆடும். ஆனால் நான்தான் என்று தெளிவாகத் தெரியும்.

திரும்பி வருகிற வழியில் பெரியப்பா, "இது வெளியில தெரியக்கூடாது பிள்ளை. வீரபாகுதான் வைச்சவன். வெளிநாட்டுக்கு அனுப்பேக்க அந்தத் துண்டை வெட்டிப்போடு" என்றார். எல்லாரும் ஓம் என்றார்கள். நான் வெட்டவில்லை. என் தம்பி ஒருநாள் கேட்பான், முழுக்கப் பார்ப்பான், அவன் ஒருத்தனுக்காவது தெரியட்டும் என்று வைத்திருந்தேன். மூன்று வருடமாக, கொள்ளி வைத்தவர் என்று வீரபாகு அண்ணை ஐயருக்கு முன்னால் தர்ப்பை போட்டுக்கொண்டு இருக்கிறார். நான் குசினிக்குள் வடை சுடுகிறேன்.

செப்டெம்பரில் வா. அந்த மணிக்கூட்டை அவருக்கே கொடு, கமெரா பிடித்ததற்கு இருக்கட்டும். கேட்டால் தான்தான் வைத்தேன் என்பார், சுடலைக்கு வந்த எல்லாரும் அதையே சொல்லுவார்கள். நான் சொன்னதை நம்பினால் நம்பு. உனக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ இரண்டுதரம் கேட்டாய், நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன். பதினொரு செக்கனில் திறக்கிறது.

அக்கா சுரேகா